சாக்கு எதுவும் இல்லை, சார்

எங்கள் ஊரில் நவம்பர் பதினொன்றாம் தேதி, பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு ஓட்டல்களில் ஒருவேளைச் சாப்பாடு இலவசம். பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கிற விடுவிப்புக் காகிதத்தைக் காட்டினால் போதும். பரிமாறுகிற பெண் நன்றி சொல்லிப் பல்லைக் காட்டிவிட்டு, தட்டு நிறைய பான்கேக் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பாள். என் தம்பி கிளின்ட் அன்றைக்கு மட்டும் வாசலைத் தாண்டமாட்டான். காகிதம் அவனிடமும் இருக்கிறது. அதில் 'கண்ணியம் குறைந்த விடுவிப்பு' என்று அடித்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு போனால் பான்கேக் என்ன, பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

நான் ரோண்டா ராட்லிஃப். கென்டக்கி மலைப்பக்கத்தில் பிராம்லி என்கிற சின்ன ஊர் எங்களுடையது. ஒரு வண்டி நிறையப் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் கொட்டிவிட்டு, மாலையில் திரும்ப அள்ளிக்கொண்டு வருவது என் வேலை. வருடக்கணக்காகப் பேருந்து ஓட்டி ஓட்டி எனக்கு வாய் நீண்டுவிட்டது. என் தம்பிக்கோ வாயே கிடையாது. அவனுக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டேன் என்று அம்மா சொல்வாள்.

பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால் அவனும் கொஞ்சம் பேசத்தான் செய்தான். முதல் விடுப்பில் வந்தபோது அம்மாவின் கண்ணாடிக் கேக் தட்டைக் கை தவறிப் போட்டு உடைத்தான். ஏன்டா இப்படி என்று அம்மா கேட்டதும், அடுக்களை நடுவில் விறைப்பாக நின்று, "சாக்கு எதுவும் இல்லை, சார்" என்றான். அம்மாவைப் போய் சார் என்கிறானே என்று நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பயிற்சியில் அப்படித்தான் பழக்குவார்களாம். மேலதிகாரி ஏன் என்று கேட்டால் அந்த ஒரே பதில்தான். நிஜமாகவே காரணம் இருந்தாலும் வாயைத் திறந்து அதைச் சொல்லிவிட்டால் தண்டனை இரட்டிப்பாகும். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும், கோழி கருகினாலும், எல்லோரும் எழுந்து நின்று அதையே சொல்லிச் சிரித்தோம்.

அப்புறம் அவன் இரண்டு முறை இராக் போனான். முகாமின் குப்பையையெல்லாம், டயரும் பிளாஸ்டிக்கும் மருந்துக் கழிவுமாக, பெரிய பள்ளத்தில் கொட்டி டீசல் ஊற்றி இரவும் பகலும் எரிப்பார்களாம். அந்தப் புகைக்குப் பக்கத்தில்தான் இவன் கூடாரம். அந்தப் புகை இன்றைக்கு அவன் நுரையீரலில் தழும்பாக உட்கார்ந்திருக்கிறது. நாற்பது வயது ஆகவில்லை, மூக்கில் குழாய் வைத்துக்கொண்டு ஆக்ஸிஜன் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் தபால் பெட்டி வரைக்கும் போய்வருகிறான். மாநிலம் கொடுத்த மருத்துவ அட்டைக்கு உறிஞ்சுகிற மருந்தும் அனுதாபமும் கிடைத்தன. இதற்கு மேல் ஏதாவது நடக்க வேண்டுமென்றால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற படைவீரர் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு என்று எங்கள் டாக்டர் சொன்னார். கூட்டிக்கொண்டு போனேன். சன்னலில் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்தாள், இரண்டு விரலால் எங்கள் பக்கமே தள்ளினாள். அந்தக் காகிதம் மாறினால்தான் என் தம்பிக்கு மூச்சு.

ஏன் இத்தனை வருடம் சும்மா இருந்தீர்கள் என்று கேட்பவர்கள் பட்டாளத்தை அறியாதவர்கள். கையெழுத்துப் போட்டு வெளியே வரும்போது, ஆறு மாதம் பொறு, அது தானாகவே நல்ல விடுவிப்பாக மாறிவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லி அனுப்பியிருக்கிறான். அங்கே பாசறைக்குப் பாசறை இந்தக் கதை உலவுகிறதாம். சன்னலோரம் வைத்த தக்காளி பழுப்பதுபோலக் காகிதம் பழுக்கும் என்று இவனும் இழுப்பறையில் வைத்துக் காத்திருந்தான். எதுவும் மாறவில்லை என்று தெரிந்தபோது வெட்கத்தில் இழுப்பறையை மூடிவிட்டான். விடுவிப்பை மாற்றச் சொல்லிப் பட்டாளத்தின் மறுபரிசீலனைக் குழுவிடம் மனுப் போட பதினைந்து வருடம்தான் கெடு என்று எங்களுக்குத் தெரியவந்தபோது கெடுவின் வால்தான் கையில் இருந்தது.

அதைச் சொன்னவர் லொவெல் ஸ்டாம்பர். பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். இப்போது படைவீரர் சங்கத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுப்பதும், என் தம்பி மாதிரி ஆட்களுக்கு மனு எழுதித் தருவதும் அவர் பொறுப்பு. மனுவிலும் எண்ணெய் வாசனை அடிக்கும். நல்ல மனுஷர், எல்லாவற்றையும் கெடுத்தவரும் அவர்தான்.

கிளின்ட் செய்த குற்றம் ஒன்றும் ரகசியம் இல்லை. இரண்டாவது முறை இராக்கிலிருந்து திரும்பியதும் அளவில்லாமல் குடித்தான். அப்புறம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முகாமை விட்டுப் போனான். ஒரு மாதத்துக்கு மேல் ஆளைக் காணோம். பிறகு தானாகவே திரும்பி வந்து காவல்காரன் முன்னால் நின்றான். ஏன் ஓடினாய் என்று அதிகாரி கேட்டதற்கு என்ன பதில் சொன்னான் என்று நான் எழுத வேண்டியதில்லை. ராணுவ நீதிமன்றமா, இந்த விடுவிப்புக்குக் கையெழுத்தா என்றார்கள். கையெழுத்துப் போட்டான்.

மறுபரிசீலனைக் குழுவின் விசாரணைக்கு முன்னால் லொவெல் எங்கள் அடுக்களை மேசையில் உட்கார்ந்து அவனுக்கு ஒத்திகை நடத்தினார். குழுவில் இருக்கிறவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம், ஏன் அப்படிச் செய்தாய் என்பதற்குப் பதில் என்றார். அங்கே பார்த்தது இவன் மனசை உடைத்தது, அதனால்தான் இது நடந்தது என்று இவன் வாயாலேயே வரவேண்டும். டாக்டரிடம் எதையும் சொல்லாமல் இருந்ததால் வேறு அத்தாட்சி கிடையாது. மனுவிலும் எழுதமாட்டேன், நேரில் சொல்கிறேன் என்று அடம்பிடித்திருந்தான்.

"எதுக்குப்பா முகாமை விட்டுப் போனே?" என்று லொவெல் அதிகாரி மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு கேட்பார். "சாக்கு எதுவும் இல்லை, சார்" என்று இவன் வாயிலிருந்து தானாக வரும். லொவெல் கரண்டியால் மேசையில் ஒரு போடு போடுவார்.

"அந்த வார்த்தையை மறுபடி சொன்னே, கரண்டி மண்டையில விழும். சாக்கு சொல்றதுக்குன்னே ஒரு இடம் குடுத்திருக்காங்கடா. வாழ்க்கையில ஒரு தடவை சாக்கு சொல்லித் தொலை."

கரண்டி பலமுறை மேசையில் விழுந்த பிறகு, அவன் சொன்னான். நானும் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். டெரல் போசி என்று அவனுக்கு ஒரு சிநேகிதன். அலபாமாக்காரன். முன்னால் போன வண்டியில் இருந்தான். சாலையில் புதைத்திருந்த குண்டு வெடித்து வண்டி பற்றிக்கொண்டது. கதவு நசுங்கித் திறக்க வரவில்லை. உடைந்த சன்னல் வழியாக டெரலின் கையைப் பிடித்துக்கொண்டு இவன் வெளியே நின்றிருக்கிறான். உயிர் உடனே போகவில்லை. டெரல் கடைசி வரைக்கும் அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம். கை சுட்டுப் பொறுக்க முடியாமல் இவன்தான் விட்டிருக்கிறான். இவன் உள்ளங்கைத் தழும்பை ஏதோ எஞ்சின் சுட்டது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

முகாமை விட்டுப் போனது டெரலின் அம்மாவைப் பார்க்க. நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருக்கிறான். அந்த அம்மாள், மிஸ் ஓலா, கதவைத் திறந்ததும் முதல் கேள்வியே, என் பிள்ளைக்கு வலித்ததா என்பதுதான். "இல்லீங்க, தூக்கத்துல போற மாதிரி போயிட்டான்" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அங்கிருந்து கிளம்பக் கால் வரவில்லை. அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. ஏறிச் சரிசெய்தான். பிறகு படிக்கட்டு, பிறகு வேலி. பட்டாளம் அவனை ஓடிப்போனவன் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அவன் அலபாமாவில் ஒரு தாய்க்குத் தகரம் மாற்றிக்கொண்டிருந்தான்.

லொவெல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். இதைச் சொன்னால் கல்லும் கரையும் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்பதை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

விசாரணை அக்டோபரில், ஊர் நூலகத்தின் பின்னறையில். வாஷிங்டனுக்கெல்லாம் போக வேண்டியதில்லை, மடிக்கணினித் திரையில் நடக்கும். நான் வண்டி ஓட்ட மாற்று ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். கிளின்ட் கழுத்துப்பட்டி கட்டி, காலணியை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்திருந்தான். அப்பாவின் பழைய கோட்டு அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு கனத்த உடம்புள்ள வயதான பெண்மணி ஒருவர் உள்ளே வந்தார். தலையில் தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பி, கையில் தாள் சுற்றிய கேக். கிளின்டைப் பார்த்ததும் கேக்கை என் கையில் திணித்துவிட்டு அவனை அப்படியே கட்டிக்கொண்டார். அவன் முகம் அவர் தோளுக்கு மேல் எனக்குத் தெரிந்தது. ரத்தம் சுண்டிப்போயிருந்தது.

லொவெல் பெருமையோடு என்னைப் பார்த்தார். அவர்தான் தேடிப்பிடித்து அழைத்திருக்கிறார். இறந்தவனின் தாயே வந்து சாட்சி சொன்னால் எவ்வளவு கனம் என்று அவர் கணக்கு. எங்களுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தாராம். இவன் அந்தத் தாயிடம் பொய் சொன்ன கதையை எங்கள் அடுக்களையில் இவன் வாயாலேயே கேட்டவர்தான், ஆனாலும் இரண்டையும் அவர் மண்டை சேர்த்துப் பார்க்கவில்லை. நான் அவர் காதில் விஷயத்தைச் சொன்னதும் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். தேதியை மாற்றக் கேட்க முடியுமா என்றேன். கேட்கலாம், ஆனால் மறுதேதி கொடுப்பதற்குள் கெடு தாண்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார்.

நான் மிஸ் ஓலாவிடம் போனேன். முன்னறையில் நல்ல காப்பி இருக்கிறது, நாம் கொஞ்ச நேரம் அங்கே உட்காரலாம், சாட்சி சொல்லும்போது கூப்பிடுவார்கள் என்று சர்க்கரையாகப் பேசினேன்.

"நான் விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வந்தது காப்பி குடிக்கவா? என் பிள்ளையைப் பத்தித்தானே பேசப்போறாங்க. நான் இங்கேயே இருக்கேன்மா" என்றார். சொல்லிவிட்டுக் கிளின்டுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தழும்பு இருக்கிற கை அது.

திரையில் குழுவினர் தெரிந்தார்கள். நடுவில் இருந்த கர்னலுக்கு நரைத்த கிராப்பு, கண்ணாடி. முகத்தில் கடுகடுப்பு இல்லை. இருந்திருந்தால் இப்போது திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். சம்பிரதாயங்கள் முடிந்ததும் அவர் கிளின்டைப் பார்த்துப் பேசினார்.

"மிஸ்டர் ராட்லிஃப், காரணத்தை நேர்ல சொல்றேன்னு மனுவில எழுதியிருக்கீங்க. நாங்க கேக்கத்தான் உக்காந்திருக்கோம். உங்களுக்கு முன்னால போன வண்டி குண்டுல சிக்கினதா பட்டாளப் பதிவுல இருக்கு. அந்த வண்டியில என்ன நடந்துச்சு? நீங்க ஏன் முகாமை விட்டுப் போனீங்க?"

கிளின்ட் மிஸ் ஓலாவின் மடியிலிருந்து கையை மெதுவாக எடுத்தான். எழுந்து நின்றான். உட்கார்ந்தே பேசலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவன் விறைப்பாக நின்றதில், திரையில் அவனுக்கான கட்டத்தில் இடுப்புப் பட்டையும் கோட்டுப் பொத்தானும்தான் தெரிந்தன. தலையே இல்லாத ஆள் ஒருவன் பதில் சொன்னான்.

"சாக்கு எதுவும் இல்லை, சார்."

ஆக்ஸிஜன் பெட்டி டக் டக்கென்று அடித்துக்கொண்டது. கர்னல் பொறுமையாக இன்னொரு முறை கேட்டார். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அதே பதில். லொவெல் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனுதாரர் என்னிடம் முன்பு சொன்னது என்னவென்றால் என்று தொடங்கினார். "வேண்டாம், மிஸ்டர் லொவெல்" என்றான் கிளின்ட். நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எங்கள் அம்மாவைப் புதைத்த அன்றைக்குக்கூட அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வாய் மூடிக்கொண்டது.

"நீங்க சொல்லாத எதையும் நாங்களா எழுத முடியாது. அது புரியுதுங்களா?" என்றார் கர்னல்.

"புரியுது, சார்."

அதற்குப் பிறகு மிஸ் ஓலாவின் சாட்சி. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு திரைக்கு நெருக்கமாக நகர்ந்தார். இந்தப் பையன் வந்தபோது வீட்டுக்குள் மழை கொட்டிக்கொண்டிருந்தது, கூரைத் தகரத்தைப் பிரித்து மாற்றிக் கொடுத்தான், இன்றைக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றார். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் இறங்கி வருவான், அதுவும் கால் அலம்பிவிட்டுத்தான் உள்ளே வருவான் என்றார்.

"எல்லாத்தையும்விடப் பெரிசா ஒண்ணு குடுத்தான் சார். என் டெரல் வலியில்லாமப் போனான்னு சொன்னான். பட்டாளத்துல கொடி குடுத்தாங்க, பதக்கம் குடுத்தாங்க. அதை மட்டும் யாரும் சொல்லலை. இத்தனை வருஷமா நான் ராத்திரி கண்ணை மூடுறேன்னா, இவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வச்சுத்தான்."

கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். விளங்கி என்ன? அவருக்குச் சொல்லப்பட்டதைத்தானே அவர் எழுத முடியும்.

வாசலில் மிஸ் ஓலா கிளின்டின் கன்னத்தைத் தட்டி, "ஏன் கண்ணு, ரெண்டு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். பிறகு அநாயாசமாகத் தன் வண்டியில் ஏறிக் கிளம்பினார். கிளின்ட் வண்டி நிறுத்துமிடத்தில் பாதித் தூரம் நடந்து, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். எங்கள் வண்டிக்குள் ஏறியதும் நான் அவனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். கத்தினேன், ஸ்டியரிங்கை அடித்தேன். கடைசியில் அழுதேன்.

"அவங்களை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லச் சொல்றே?" என்றான் அவன்.

"இன்னும் நாள் இருக்குடா. எழுத்துல குடு. அவங்க எங்கே பார்க்கப்போறாங்க?"

மாட்டேன் என்று தலையை ஆட்டினான். எழுதிக் கொடுத்தால் மிஸ் ஓலா பார்க்க வழி உண்டா என்று மறுநாள் லொவெலிடம் கேட்டபோது அவரும் மறைக்கவில்லை. தீர்ப்பையெல்லாம் பேரை மட்டும் அழித்துவிட்டு இணையத்தில் போடுவார்களாம். மிஸ் ஓலா அதை எங்கே பார்ப்பது என்று வாசலிலேயே அவரிடம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். மருமகள் எடுத்துப் படித்துக் காட்டுவாளாம். பேரை அழித்தால் என்ன, நாளும் சாலையும் எரிந்த வண்டியும் இருக்குமே. தன் பிள்ளையை ஒரு தாய்க்கு அடையாளம் தெரியாதா?

தீர்ப்பு பிப்ரவரியில் வந்தது. விடுவிப்பில் மாற்றம் இல்லை. கருணை காட்டத்தக்க காரணம் எதையும் மனுதாரர் முன்வைக்கவில்லை. அவ்வளவுதான். கிளின்ட் அதைப் படித்துவிட்டுப் பழைய காகிதம் இருந்த அதே இழுப்பறையில் வைத்தான். இன்னொரு குழு இருக்கிறது, அதற்கு வருடக்கணக்கில் ஆகும், அங்கேயும் காரணம் கேட்பார்கள் என்று லொவெல் மீன் பொட்டலத்தோடு வந்து சொன்னார். மிஸ் ஓலா இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம் என்றான் கிளின்ட். "அவங்களுக்கு எழுபத்தேழு வயசு. உன்னைவிட நல்லா மூச்சு விடுறாங்கடா" என்றேன். தெரியும் என்றான்.

இப்போது மே மாதம். பெட்டி மாறிவிட்டது. தோளில் மாட்டுவது போதவில்லை என்று படுக்கைக்குப் பக்கத்தில் பெரிய இயந்திரம் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வீடு முழுக்க அதன் இரைச்சல்தான். போன ஞாயிற்றுக்கிழமை மிஸ் ஓலா தொலைபேசியில் அழைத்தார். தீர்ப்பை மருமகள் கண்டுபிடித்துப் படித்தாளாம். பட்டாளத்துக்காரர்களை ஒரு பிடி பிடித்தார். பிறகு குரல் இறங்கியது.

"ஒண்ணு கேக்கிறேன், மறைக்காமச் சொல்லும்மா. அன்னிக்கு அந்தப் பையன் அப்படி எந்திரிச்சு நின்னதுலேருந்து எனக்கு மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. என் பிள்ளை விஷயத்துல அவன் என்கிட்ட ஏதாவது மறைச்சானா?"

அடுத்த அறையில் கிளின்ட் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருக்க வேண்டும், மிஸ் ஓலாவுக்குக் கணீரென்ற குரல். ஒரே ஒரு வாக்கியம்தான். நான் சொன்னால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு மறைக்க எதுவும் இல்லை, என் தம்பி மனு எழுதலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எங்ககிட்டயும் அவன் அப்படித்தாங்க சொன்னான். தூக்கத்துல போற மாதிரி போயிட்டாராம்" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். கர்த்தருக்கு நன்றி என்றார். எனக்குப் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கென்னம்மா, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். டாக்டர் என்னைப் பார்த்துட்டு நூறு வயசு இருப்பேன்னு சொன்னார்."

நல்லா இருங்க என்றுதான் நான் சொன்னேன். சொல்லும்போது அந்த அம்மாளின் மேல் எனக்கு வந்த வெறுப்பை எந்தத் தேவாலயத்தில் போய்ச் சொல்வேன்? தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். கிளின்ட் பேச முடியாமல், போர்வைக்கு மேல் கையை வைத்து, ஒரு விரலை உயர்த்தி நன்றி காட்டினான்.